வைட்டமின் டி குறைந்தால் முதுகு வலிக்குமா? ரிப்போர்ட்டில் உள்ள எண் சொல்வதும் சொல்லாததும்

முதுகுவலி என்று மருத்துவரிடம் போனால் எழுதித் தரும் ரத்தப் பரிசோதனைகளில் வைட்டமின் டி-யும் இப்போது சேர்ந்துவிட்டது. ரிப்போர்ட் வருகிறது. "25 ஹைட்ராக்சி வைட்டமின் டி" என்ற வரிக்கு நேராக 17.4 என்று தடித்த எழுத்தில் ஓர் எண். பக்கத்தில் கீழ்நோக்கிய அம்புக்குறி. அதற்குப் பக்கத்தில் "30 முதல் 100 வரை" என்று இயல்பு அளவு. அம்புக்குறியைப் பார்த்ததும், வலிக்குக் காரணம் அகப்பட்டுவிட்டது என்று ஒரு நிம்மதி. மாத்திரை ஆரம்பமாகிறது. சில மாதங்களில் எண் 40-ஐத் தொடுகிறது. வலி சிலருக்குக் குறைகிறது. பலருக்கு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இணையத்தில் தேடினால் குழப்பம் கூடுகிறது. தீராத முதுகுவலி உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு வைட்டமின் டி குறைவு என்கிறது ஒரு கட்டுரை. மாத்திரை போட்டாலும் முதுகுவலி குறையாது என்கிறது இன்னொன்று. இரண்டும் ஆய்வுகளைக் காட்டித்தான் பேசுகின்றன. வேடிக்கை என்னவென்றால், இரண்டுமே பொய்யில்லை. அது எப்படி என்பதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் அடிப்படையிலிருந்து வரவேண்டும்.

உடம்புக்குள் வைட்டமின் டி-யின் வேலை

பெயரில்தான் வைட்டமின், நடத்தையில் இது ஹார்மோன். தோலில் ஏற்கெனவே இருக்கும் கொலஸ்ட்ரால் வகைப் பொருள் ஒன்றின் மீது சூரிய ஒளியின் புற ஊதா பி கதிர் பட்டால் வைட்டமின் டி உருவாகிறது. (ஜன்னல் கண்ணாடி இந்தக் கதிரைத் தடுத்துவிடும். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து வெயில் காய்வதால் சூடு கிடைக்கும், வைட்டமின் டி கிடைக்காது.) அது கல்லீரலுக்குப் போய் 25 ஹைட்ராக்சி வைட்டமின் டி ஆகிறது. இதுதான் ரத்தத்தில் சுற்றிவரும் இருப்பு. அப்புறம் சிறுநீரகத்தில் இன்னொரு மாற்றம் நடந்து, உண்மையில் வேலை செய்யும் வடிவமான கால்சிட்ரியால் ஆகிறது.

இதன் முக்கிய வேலை குடலில். சாப்பாட்டிலிருந்து கால்சியத்தை உறிஞ்ச உதவுவது. வைட்டமின் டி போதுமான அளவு இருந்தால் உணவிலுள்ள கால்சியத்தில் 30 முதல் 40 சதவீதம் ரத்தத்தில் சேரும். இல்லாவிட்டால் 10 முதல் 15 சதவீதம்தான். ரத்தத்தில் கால்சியம் குறைவதை உடம்பு பொறுத்துக்கொள்ளாது. இதயத்துடிப்புக்கும் நரம்புக்கும் அது தேவை. அதனால் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் தங்கள் ஹார்மோனைக் கூட்டி, எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்க வைக்கின்றன. அதே ஹார்மோன் பாஸ்பேட்டைச் சிறுநீர் வழியே வெளியேற்றியும் விடுகிறது. ரத்தக் கால்சியம் கிட்டத்தட்டச் சரியாக இருக்கும். விலை கொடுப்பது எலும்பு.

17.4 என்றால் குறைவா?

இது கேட்க எளிதான கேள்வி. பதில் அவ்வளவு எளிதல்ல.

முதலில் அலகு. சில ஆய்வகங்கள் மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்று தரும். சில, லிட்டருக்கு இத்தனை நானோமோல் என்று தரும். முன்னதை 2.5-ஆல் பெருக்கினால் பின்னது. அதாவது 20 நானோகிராமும் 50 நானோமோலும் ஒன்றே. அலகைப் பார்க்காமல் ஒருவர் ரிப்போர்ட்டை இன்னொருவருடையதோடு ஒப்பிட்டால் கணக்கு தலைகீழாகிவிடும். இந்தக் கட்டுரையில் எல்லாம் நானோகிராம் கணக்கு.

அடுத்தது எல்லைக்கோடு. அமெரிக்காவின் மருத்துவக் கழகம் 2010 இறுதியில் வெளியிட்ட அறிக்கை, எலும்பு நலத்துக்கு 20 இருந்தால் ஏறக்குறைய எல்லோருக்கும் போதும் என்றது. 12-க்குக் கீழே போனால்தான் குறைபாட்டு ஆபத்து என்றது. அடுத்த ஆண்டே, 2011-இல், அதே நாட்டின் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் சங்கம் 20-க்குக் கீழே குறைபாடு, 21 முதல் 29 வரை பற்றாக்குறை, 30-க்கு மேல்தான் போதுமானது என்றது. பல ஆய்வகங்களின் ரிப்போர்ட்டில் அச்சாகும் "30" அங்கிருந்து வந்ததுதான். 24 என்ற அளவு உள்ளவர் ஒரு கணக்கில் ஆரோக்கியமானவர், இன்னொரு கணக்கில் நோயாளி! 2024-இல் அதே சங்கம் புதிய வழிகாட்டுதல் வெளியிட்டு, 30 என்ற கோட்டை இனி முன்வைக்கவில்லை என்றது. வேறு காரணம் இல்லாத ஆரோக்கியமான பெரியவர்களுக்கு இந்தப் பரிசோதனையை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்றும் சொன்னது. ஆய்வகத் தாள்களில் 30 இன்னும் நிற்கிறது.

ஆக 17.4 என்பது, போதுமென்ற கோட்டுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது, அவ்வளவே. அபாயக் கட்டம் என்று அம்புக்குறியை வைத்துச் சொல்ல முடியாது. 6 அல்லது 7 என்றால் பேச்சே வேறு. அந்தத் தாளிலோ இரண்டுக்கும் ஒரே அம்புக்குறிதான்.

தொடர்பு நிஜமாக இருக்கும் இடம்: எலும்பு மென்மை நோய்

குழந்தைகளுக்கு வைட்டமின் டி கடுமையாகக் குறைந்தால் கால் வளையும் ரிக்கெட்ஸ் வரும். பெரியவர்களுக்கு எலும்பு வளர்ந்து முடிந்துவிட்டதால் வளையாது; மென்மையாகிவிடும். ஆஸ்டியோமலேசியா என்று பெயர். எலும்பு நாள்தோறும் பழையதை எடுத்துப் புதியதை வைத்துக்கொண்டே இருக்கும் திசு. புதிதாகப் போடப்படும் புரதச் சட்டகத்தின் மேல் கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்தால்தான் அது இறுகும். அவை போதாதபோது சட்டகம் இறுகாமலே நின்றுவிடுகிறது. அந்த மென்மையான பகுதி நீரை ஏற்று உப்பி, எலும்பைப் போர்த்தியிருக்கும் நரம்புகள் நிறைந்த சவ்வை உள்ளிருந்து அழுத்துவதால் வலி வருகிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். உடல் எடையைத் தாங்கும் எலும்புகள்தான் முதலில் பேசும்: கீழ் முதுகு, இடுப்பு, தொடை.

இந்த வலிக்கு ஒரு தனி முகம் உண்டு. சாதாரண இடுப்புப் பிடிப்போடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது:

1. ஓரிடத்தில் குத்துவதில்லை. மந்தமாக, ஆழமாக, பரவலாக வலிக்கும். இரு பக்கமும் இருக்கும். நிற்கும்போதும் நடக்கும்போதும் கூடும்.

2. எலும்பை அழுத்தினால் வலிக்கும். மருத்துவர் கட்டைவிரலால் முழங்காலுக்குக் கீழே முன்காலெலும்பையோ, நடு மார்பெலும்பையோ அழுத்திப் பார்ப்பார். முதுகுவலிக்காக வந்தவர் முன்காலில் அழுத்தும்போது முகம் சுளித்தால் அது கவனிக்க வேண்டிய சேதி. முதுகில் தசை பிடித்திருப்பவருக்கு முன்காலில் வலிக்க வேண்டிய அவசியம் இல்லை.

3. தொடை, இடுப்புத் தசைகள் பலவீனமாகும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியாது. படியேறுவது சிரமமாகும். முற்றிய நிலையில் நடை வாத்துபோலப் பக்கத்துக்குப் பக்கம் ஆடும்.

4. ரத்தத்தில் மற்ற எண்களும் மாறும். அல்கலைன் பாஸ்பேட்டேஸ் என்ற நொதி உயரும். பாராதைராய்டு ஹார்மோன் உயரும். பாஸ்பேட்டும் சில நேரம் கால்சியமும் குறையும். எக்ஸ்ரேயில், இடுப்பெலும்பு, தொடையெலும்பு போன்ற இடங்களில் முறிவு போன்ற மெல்லிய கோடுகள் தெரியலாம்.

நான்காவது புள்ளியை யாரும் அதிகம் பேசுவதில்லை என்பது என் குறை. வைட்டமின் டி 17.4, அல்கலைன் பாஸ்பேட்டேஸ் இயல்பு, பாராதைராய்டு ஹார்மோன் இயல்பு என்றால் எலும்பு பெரிதாகக் கஷ்டப்படவில்லை என்று பொருள். ஒற்றை எண்ணை விட இந்த மூன்றின் சேர்க்கை எவ்வளவோ அதிகம் சொல்லும்.

யாருக்கு இது வர வாய்ப்பு அதிகம்? வெயிலே படாத வாழ்க்கை வாழ்பவர்கள், வீட்டை விட்டு வெளியே வராத முதியவர்கள், உடல் முழுவதும் மூடிய உடை உடுத்துபவர்கள், கொழுப்பை உறிஞ்ச முடியாத குடல் நோய் உள்ளவர்கள், எடை குறைக்க இரைப்பை அறுவை செய்துகொண்டவர்கள், நாள்பட்ட கல்லீரல் அல்லது சிறுநீரக நோய் உள்ளவர்கள், பினைட்டோயின், கார்பமசபின் போன்ற வலிப்பு மருந்துகளை ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்கள். இந்தப் பட்டியலில் இருப்பவருக்கு மேலே சொன்ன வலியும் இருந்தால், பரிசோதனை கட்டாயம் தேவை. சிகிச்சையும் நன்றாக வேலை செய்யும். வலி வாரங்களில் குறையத் தொடங்கி, எலும்பு இறுக மாதங்கள் பிடிக்கும்.

எலும்புப்புரை நோயை இதோடு சேர்த்துவிடக் கூடாது. அதில் எலும்பு மெலிகிறது, மென்மையாவதில்லை. மெலிந்த முதுகெலும்பு நசுங்கி முறியும்வரை அது பெரும்பாலும் வலிப்பதே இல்லை.

எல்லா முதுகுவலிக்கும் வைட்டமின் டி குறைவு என்ற பெயர் எப்படி வந்தது?

2003-இல் இரண்டு ஆய்வுகள் வந்தன. ஒன்று சவூதி அரேபியாவிலிருந்து: ஆறு மாதத்துக்கு மேல் கீழ் முதுகுவலியோடு வந்த 360 பேரைச் சோதித்ததில் 83 சதவீதம் பேருக்கு வைட்டமின் டி குறைவு. மாத்திரை கொடுத்தபின் குறைபாடு இருந்தவர்கள் எல்லோருக்குமே வலி குறைந்ததாக ஆய்வு சொன்னது. இன்னொன்று அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரிலிருந்து: காரணம் தெரியாத தசை, எலும்பு வலியோடு வந்த 150 பேரில் 93 சதவீதம் பேருக்கு அளவு 20 அல்லது அதற்குக் கீழ்.

83, 93 என்ற எண்கள் மனதில் ஒட்டிக்கொள்ளும் எண்கள். இன்றுவரை கட்டுரைகளில் சுற்றிவருகின்றன. அவற்றோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒன்று சொல்லப்படுவதில்லை: இரண்டிலும் ஒப்பீட்டுக் குழு இல்லை. வலியே இல்லாத, அதே ஊர், அதே வயது, அதே வாழ்க்கைமுறை உள்ளவர்களைச் சோதித்திருந்தால் எத்தனை சதவீதம் வந்திருக்கும்? வெயிலைத் தவிர்க்கும் சமூகத்திலும் நீண்ட குளிர்காலம் உள்ள ஊரிலும் வலி இல்லாதவர்களுக்கும் அளவு குறைவாகத்தான் இருக்கும். மாத்திரை கொடுக்காத குழுவை வைத்திருந்தால் அவர்களில் எத்தனை பேருக்கு வலி தானாகக் குறைந்திருக்கும்? இதுவும் தெரியாது.

பின்னர் ஒப்பீட்டுக் குழுவோடு நடந்த ஆய்வுகளைத் தொகுத்தபோதும் தொடர்பு முற்றாக மறைந்துவிடவில்லை. முதுகுவலி உள்ளவர்களுக்கு அளவு சற்றுக் குறைவாக இருக்கும் போக்கு தெரிந்தது. 60 வயதுக்குட்பட்ட பெண்களிடமும், கடுமையான குறைபாடு உள்ளவர்களிடமும் அது கூடுதலாகத் தெரிந்தது. சரி, தொடர்பு இருக்கிறது. ஆனால் எது காரணம், எது விளைவு? இங்கே குறைந்தது நான்கு வழிகள் இருக்கின்றன.

1. குறைபாடு வலியைத் தருவது. மேலே பார்த்த எலும்பு மென்மை நோய். தசை பலவீனமும் சேரலாம்.

2. வலி குறைபாட்டைத் தருவது. முதுகு வலித்தால் ஆள் வெளியே போவதில்லை. நடை நிற்கிறது, வெயில் படுவதில்லை. மாதக்கணக்கில் இப்படி இருந்தால் அளவு இறங்காமல் என்ன செய்யும்? ரத்தத்தில் உள்ள 25 ஹைட்ராக்சி வைட்டமின் டி பாதியாகக் குறைய இரண்டு மூன்று வாரம்தான் ஆகும்.

3. மூன்றாவது ஒன்று இரண்டையும் தருவது. உடல் பருமன் இதற்கு நல்ல உதாரணம். எடை கூடினால் முதுகுவலி வாய்ப்பு கூடும். எடை கூடினால் வைட்டமின் டி அளவும் இறங்கும். இதை மரபணுத் தரவுகளை வைத்து 2013-இல் வெளிவந்த பெரிய ஆய்வு காட்டியது. பருமன் அளவை இறக்குகிறது, குறைந்த அளவு பருமனைத் தருவதாகத் தெரியவில்லை என்றது அது. புகைப்பழக்கம், உடலுழைப்பு இல்லாமை, மனச்சோர்வு ஆகியவையும் இந்த வரிசையில் நிற்கின்றன.

4. அழற்சி எண்ணையே இறக்குவது. முழங்கால் மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்களிடம் அறுவைக்கு முன்னும் பின்னும் அளந்தபோது, ஓரிரு நாளிலேயே ரத்த அளவு கணிசமாக விழுந்தது. அதற்குள் யாரும் வைட்டமின் டி குறைபாட்டு நோயாளி ஆகிவிடவில்லை. உடம்பில் அழற்சி கூடியது, எண் இறங்கியது. அழற்சி சார்ந்த மூட்டு, முதுகு நோயிலும் இப்படி நடக்கலாம்.

ஒரே நோயாளியிடம் இரண்டு மூன்று வழிகள் ஒன்றாகவும் இருக்கலாம். 17.4 என்ற எண்ணைப் பார்த்து அது எந்த வழியில் வந்தது என்று சொல்லிவிட முடியாது.

மாத்திரை போட்டுக் குணமானவர்களின் அனுபவத்துக்கும் ஒரு சிக்கல் உண்டு. முதுகுவலி ஏறி இறங்கும் வலி. தாங்க முடியாத உச்சத்தில்தான் மருத்துவரிடம் போவோம். உச்சத்துக்குப் பிறகு இறக்கம் வரத்தான் செய்யும். அந்த நேரத்தில் எதைச் சாப்பிட்டிருந்தாலும் பெயர் அதற்குப் போகும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

மாத்திரையைச் சோதித்துப் பார்த்தபோது

இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு வழிதான் உண்டு. வலி உள்ளவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வைட்டமின் டி, மறு பாதிக்கு அதேபோல் தோற்றமளிக்கும் வெற்று மாத்திரை கொடுத்து, யாருக்கு எது என்று தெரியாமல் வலியை அளப்பது. இப்படிப்பட்ட ஆய்வுகளை நாள்பட்ட வலிகள் அனைத்துக்குமாக, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015-இல் திரட்டிப் பார்த்தது. வெற்று மாத்திரையை விட வைட்டமின் டி மேல் என்று சொல்லும்படி சீரான பலன் எதுவும் தெரியவில்லை. கீழ் முதுகுவலிக்கு மட்டுமான ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளிவந்த பகுப்பாய்வும் அதே முடிவுக்குத்தான் வந்தது.

வலி அல்லாத விஷயங்களிலும் கதை இதுவே. அமெரிக்காவில் 25,871 பேரை வைத்து நடந்த வைட்டல் ஆய்வில் தினமும் 2000 ஐ.யூ. (வைட்டமின் அளவைக் குறிக்கும் சர்வதேச அலகு) கொடுத்து ஐந்தாண்டுக்கு மேல் கவனித்தார்கள். 2022-இல் வெளியான அதன் எலும்பு முறிவு முடிவுகளில் வித்தியாசம் இல்லை.

இங்கே எதிர்வாதம் ஒன்று எழும், அது நியாயமானதும்கூட. வைட்டல் ஆய்வில் சேர்ந்தவர்களின் சராசரி அளவு தொடக்கத்திலேயே 30-ஐ ஒட்டி இருந்தது. பசியில்லாதவருக்குச் சோறு போட்டுவிட்டு, சோறு பசியைத் தீர்க்காது என்று சொல்ல முடியுமா? முதுகுவலி ஆய்வுகளும் பெரும்பாலும் சிறியவை; சேர்ந்தவர்களில் கடுமையான குறைபாடு உள்ளவர்கள் குறைவு. ஆகவே இந்த ஆய்வுகள் "யாருக்கும் பயனில்லை" என்று நிரூபிக்கவில்லை. "முதுகுவலி உள்ள எல்லோருக்கும் கொடுத்தால் பயனில்லை" என்று காட்டுகின்றன. தொடக்கத்தில் பார்த்த இரண்டு கட்டுரைகளும் பொய்யில்லாமல் இருப்பது இதனால்தான்: ஒன்று, இரண்டும் சேர்ந்து காணப்படுவதைச் சொல்கிறது, மற்றது, எண்ணை ஏற்றினால் வலி இறங்குமா என்று கேட்டு, பொதுவாக இல்லை என்கிறது.

அப்படியானால் ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

1. 12-க்குக் கீழே, அதுவும் ஒற்றை இலக்கம். வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் சிகிச்சை தேவை. கால்சியம், பாஸ்பேட், அல்கலைன் பாஸ்பேட்டேஸ், பாராதைராய்டு ஹார்மோன் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். ஏன் இவ்வளவு குறைந்தது என்ற கேள்வியும் முக்கியம். குடல் நோய் ஒன்று ஒளிந்திருக்கலாம். பரவலான எலும்பு வலியும் எழ முடியாத தசை பலவீனமும் சேர்ந்திருந்தால் முதுகுவலிக்கு இதுவே காரணமாக இருக்க நல்ல வாய்ப்பு.

2. 12 முதல் 20 வரை. எலும்பு நலத்துக்காகச் சரிசெய்வது நல்லது. செலவும் ஆபத்தும் குறைவு. முதுகுவலிக்கான மருந்தாக அதை நினைக்க வேண்டாம்.

3. 20-க்கு மேல். அம்புக்குறி என்ன சொன்னாலும், முதுகுவலிக்கு வேறிடத்தில் காரணம் தேடுவதே சரி.

அளவு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 600 ஐ.யூ., 70 வயதுக்கு மேல் 800 ஐ.யூ. என்பது அமெரிக்க மருத்துவக் கழகம் சொன்ன தேவை. மருத்துவர் சொல்லாமல் தாண்டக்கூடாத உச்சம் 4000. கடுமையான குறைபாட்டுக்கு மருத்துவர் சில வாரங்களுக்கு இதைவிடப் பெரிய டோஸ் தருவது வேறு விஷயம். அதைச் சீட்டு முடிந்தபின்னும் தானாக வாங்கித் தொடர்வதில்தான் ஆபத்து. வைட்டமின் டி கொழுப்பில் கரைவது. மிஞ்சியது சிறுநீரோடு போய்விடாது. ரத்தத்தில் கால்சியம் ஏறி, குமட்டல், மலச்சிக்கல், ஓயாத தாகம், குழப்பம், சிறுநீரகக் கல் என்று வெளிப்படும். "மொத்தமாகப் போட்டுவிடலாம்" என்ற யோசனையும் சரிவரவில்லை: ஆஸ்திரேலியாவில் 70 வயதைத் தாண்டிய பெண்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை 5 லட்சம் ஐ.யூ. கொடுத்துப் பார்த்த ஆய்வில், 2010-இல் வந்த முடிவு அதிர்ச்சி தந்தது. மருந்து எடுத்தவர்கள்தான் அதிகம் விழுந்தார்கள், அதிகம் எலும்பு முறிந்தார்கள்.

எண்ணைப் பார்த்துக் காத்திருக்கக் கூடாத வலிகள்

நாள்பட்ட முதுகுவலியில் பெரும்பகுதிக்கு ஒற்றைக் காரணம் என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் இதற்கு முன்வைப்பது உடற்பயிற்சி, வலியைப் பற்றிய புரிதல், தேவைப்பட்டால் உளவியல் உதவி, சில மருந்துகள். வைட்டமின் டி கணக்கைச் சரிசெய்வதில் மும்முரமாகி, நடக்கவும் தசையை வலுவாக்கவும் வேண்டிய மாதங்களை விட்டுவிடுவதுதான் நடைமுறையில் நான் பார்க்கும் பெரிய நஷ்டம்.

சில அறிகுறிகள் இருந்தால் வைட்டமின் டி பேச்சையே ஒதுக்கிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்: சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழப்பது, தொடைகளுக்கு நடுவே மரத்துப் போவது, கால் பலம் குறைந்துகொண்டே வருவது. காய்ச்சலோடு சேர்ந்த முதுகுவலி, காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, வயதானவர் விழுந்தபின் திடீரென்று வரும் வலி ஆகியவற்றையும் தள்ளிப்போடக் கூடாது. நாற்பது வயதுக்குள் தொடங்கி, காலையில் எழும்போது அரை மணிக்கு மேல் இறுக்கமாக இருந்து, நடமாடினால் குறைந்து, ஓய்வெடுத்தால் கூடும் வலி என்றால் முதுகெலும்பு மூட்டழற்சிக்காகப் பார்க்க வேண்டும். இதில் வைட்டமின் டி குறைவாகவும் இருக்கக்கூடும். அந்தக் குறைவே அடியில் இருக்கும் உண்மையான நோயை மறைத்துவிடவும் கூடும்.

குறைபாடு உறுதியாகி மாத்திரை எடுத்தவர்கள் மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்து பார்க்கலாம். எண் ஏறி, வலி அப்படியே இருந்தால், அதுவும் ஒரு விடைதான். இரண்டு ரிப்போர்ட்டையும் கையில் எடுத்துக்கொண்டு, இன்னும் பெரிய டோஸ் கேட்காமல், முதுகை மறுபடி முதலிலிருந்து பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.